ஞாயிற்றுக்கிழமை ஒதுங்கிய திமிங்கிலம்

ஆஷ்விக் ஊரில் தறிக்காரன் இல்லாமல் ஒன்பது வருஷம் ஓடியிருந்தது. ஆடு இருந்தது, ரோமம் இருந்தது, நூற்கிற பெண்கள் வீட்டுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். நூற்றதைத் துணியாக்கத்தான் ஆள் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை யாராவது நூல் பொதியைப் படகில் ஏற்றி ஜலசந்தி தாண்டி எதிர்க்கரைக்குக் கொண்டுபோய் நெய்து வாங்கி வருவார்கள். போன நூல் முழுவதும் துணியாகத் திரும்பியதாக யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊர் ஆண்கள் முழங்கையில் ஒட்டுப் போட்ட சட்டைக்கு மேலேயே இன்னொரு ஒட்டுப் போட்டு உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் எதிர்க்கரையிலிருந்து ஒபதியா ஃபென்னை ஊர் கூப்பிட்டது. மார்ச் மாதம் தறியைக் கட்டை கட்டையாகக் கழற்றிப் படகில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டி கெத்தூராளையும் நாலு மாசக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். தெருக்கோடியில் முன்பு சோளம் கொட்டிவைத்திருந்த கொட்டடியை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் நெய்யட்டும், பிடித்திருந்தால் அடுத்த மார்ச் ஊர்க்கூட்டத்தில் மனையும் புல்வெளியில் பங்கும் கொடுப்போம், பிடிக்காவிட்டால் வந்த படகிலேயே போகலாம் என்பது பேச்சு.

ஒபதியா மெலிந்த, நெட்டையான மனிதர். காலையில் தறிப்பலகையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை இறங்கமாட்டார். அவர் நெய்த துணியில் குறை சொல்ல முடியவில்லை. குறை சொல்ல ஆசைப்பட்டவர்கள் கெத்தூராளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் சத்தமாகச் சிரிப்பாள். கிணற்றடியில் சிரித்தால் ஆலயக் கதவு வரைக்கும் கேட்கும். தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது பாட்டுப் பாடுவாள், அதுவும் வேதத்துச் சங்கீதம் இல்லை, ஏதோ வண்டிக்காரன் பாட்டு. மனைவி அப்படி இருக்க, புருஷன் எப்படி இருப்பான் என்று எனோஸ் ஹாரட் கேட்டார்.

ஹாரட் ஊர்ப்பெரியவர்கள் மூன்று பேரில் ஒருவர். கடற்கரைக் கொட்டகை அவர் பொறுப்பு. தெருவில் கொடுக்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு மனை. அதைக் கொல்லனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஏர்க்கொழு முறிந்தால் பன்னிரண்டு மைல் போக வேண்டியிருக்கிறது, துணி இல்லாமல் யாரும் செத்ததில்லை என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊரில் பாதிப் பேர் அவர் பக்கம்தான்.

கெத்தூராளுக்கு ஊருக்கு வெளியே ஒரு சிநேகிதி உண்டு. வெயானா என்று பெயர். நாங்கள் வந்து குடியேறுவதற்கு முன்பே இந்தக் கரையில் இருந்த மோன்டாக் ஜனங்களில் ஒருத்தி. குளத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய குடிசைகள். விலாங்கு மீனும் நாணல் கூடையும் கொண்டுவருவாள். கெத்தூராள் விரற்கடை அகலத்தில் சிவப்பு நாடா நெய்து கொடுப்பாள். பண்டம் மாற்றுவதற்கு அரை மணி, பேசுவதற்கு அரை நாள். வெயானாவுக்கு எங்கள் பேச்சு நன்றாகவே வரும். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியும் நடக்கிற நடையை அவள் நடந்து காட்டுவாள் என்றும், அதற்குத்தான் கெத்தூராள் அப்படிச் சிரிக்கிறாள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. பேச்சு உண்மைதான்.

அடுத்த பிப்ரவரி கடைசி வாரம் ஒபதியாவுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தறிக்கால் ஆடுகிற மாதிரி உடம்பு ஆடும். மறுநாள் எழுந்து உட்கார்ந்து, கொடுத்தால் கொஞ்சம் சோளக்கூழ் குடிப்பார். ஊர்க்கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அதே வாரம் பார்த்து அவருக்குக் கரை பார்க்கிற முறையும் வந்து சேர்ந்தது.

குளிர்காலத்தில் புயல் அடித்தால் செத்த திமிங்கிலம் கரை ஒதுங்கும். ஒதுங்கினது ஊருக்குப் பொது. அதன் துடுப்பும் வாலும் மோன்டாக் ஜனங்களுக்கு என்பது அவர்களிடம் நிலம் வாங்கின அன்றே ஊர் எழுதிக்கொடுத்த பேச்சு, அதை வைத்து அவர்கள் தங்கள் சாமிக்குப் படைப்பார்கள். மிச்சத்தை உருக்கி எண்ணெயாக்கிப் பீப்பாயில் அடைத்தால் பாஸ்டன் கப்பல் வந்து எடுத்துக்கொண்டு உப்பும் ஆணியும் வெல்லப்பாகும் இறக்கிவிட்டுப் போகும். போதகருக்கு ஊர் கொடுக்கிற படியிலும் மூன்று பீப்பாய் எண்ணெய் உண்டு. அதனால் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துத் தினம் கரையைப் பார்த்துவர வேண்டும். திங்களில் தொடங்கிச் சனி சாயங்காலத்தோடு முறை முடியும். ஞாயிறு ஓய்வுநாள். அன்று யாரும் எதையும் பார்ப்பதில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை காய்ச்சல் இல்லாத நாளில் ஒபதியாவும், இருந்த நாளில் கெத்தூராளும் போய் வந்தார்கள். சனிக்கிழமை தென்கிழக்கிலிருந்து புயல். கூரை வைக்கோல் பிய்ந்து தெருவெல்லாம் பறந்தது. அன்று ஒபதியாவுக்கு நடுக்கமும் இருந்தது. இருந்த கம்பளி மூன்றையும் போர்த்தி மேலே கெத்தூராள் படுத்து அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கரைக்கு யாரும் போகவில்லை.

ஞாயிறு காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆலயத்தில் முதல் பிரசங்கம் முடிந்து மதிய இடைவேளை விட்டார்கள். மற்றவர்கள் ஆலயத்துப் பின்னால் உட்கார்ந்து முந்தினநாள் சுட்ட சோள ரொட்டியைத் தின்றார்கள். கெத்தூராள் குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடினாள். ஒபதியா எழுந்து உட்கார்ந்திருந்தார். கூழைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"நேத்துக் கரைய யாருமே பாக்கல இல்ல?" என்றார்.

"அந்தப் புயல்ல யாருங்க போவா. ஹாரட் ஐயாவே வீட்டுல கெடந்திருப்பாரு."

"அவரு முறை இல்லையே. நம்ம முறை. வார்த்த குடுத்துட்டு ஒரு நாள் விட்டுட்டோம்."

"இன்னிக்கு ஓய்வுநாள். பேசாம கூழக் குடிங்க."

அவர் இரண்டு வாய் குடித்தார். பிறகு, "பாக்கறதுக்கு வேலைன்னு பேரு இல்ல கெத்தூரா. நடந்து போயி பாத்துட்டு வந்தா ஜெபத்துக்கு நடக்குற நடைதான். ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு, எனக்கு நெஞ்சு ஆறும்" என்றார்.

குழந்தையை அவர் மடியில் கொடுத்துவிட்டு இவள் மணல்மேட்டைத் தாண்டிப் போனாள். அரை மைல்தான். மேட்டில் ஏறினதும் பார்த்தாள்.

நாற்பது அடிக்கு மேல் இருக்கும். கரைக்கு ஒட்டினாற்போலக் கறுப்பாக, கவிழ்ந்த கப்பலைப்போலக் கிடந்தது. பாதி உடம்பு தண்ணீரில். அலை வரும்போது மெல்ல அசைந்தது, உயிர் இருக்கிற மாதிரி. கொஞ்சம் தள்ளி மணலில் வெயானாவும் அவள் தம்பி நாவெக்கும் உட்கார்ந்து, மடியிலிருந்து வறுத்த சோளத்தை எடுத்துக் கொறித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்பலேர்ந்து கெடக்கு?" என்று கெத்தூராள் கேட்டாள்.

"விடியக்காலையிலேர்ந்து" என்றாள் வெயானா.

"ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்த சொல்லலாம்ல?"

"போன வருஷம் ஓடையில மாடு விழுந்து கெடக்குன்னு ஒரு ஞாயித்துக்கிழம இவன் ஓடிவந்து சொன்னான். உங்க ஆளு கதவத் தொறந்து, பாட்டு முடியட்டும்னாரு. பாட்டு முடிஞ்சப்ப மாடும் முடிஞ்சிருச்சு."

கெத்தூராளுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காற்று திரும்பிவிட்டிருந்தது. காலையில் முகத்தில் அடித்த காற்று இப்போது முதுகில் அடித்தது. நாவெக் கையை நீட்டிக் கிழக்கே காட்டினான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மிதக்கும், நீரோட்டம் பிடித்துக்கொண்டு போகும், நாளைக் காலையில் நார்டன் ஊர்க்காரர்கள் கரையில் ஒதுங்கும் என்றான். நார்டன்காரர்கள் பக்கத்து ஊர். எல்லைக் கல்லைப் பிடுங்கி நட்டவர்கள் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அவங்க உங்களுக்கு வால் குடுப்பாங்களா?"

"அவங்ககிட்ட எங்களுக்குப் பேச்சு இல்ல" என்றாள் வெயானா. "நம்ம ரெண்டு பேருக்கும் போச்சு."

"நீங்க கட்டிப் போடுங்களேன். உங்களுக்கு ஓய்வுநாள் இல்லையே."

"கயிறு உங்க கொட்டகையில இருக்கு. நாங்க தொறந்தா திருட்டு."

"நான் தொறந்தா?"

"நீ தொறந்தா ஞாயித்துக்கிழம."

கெத்தூராள் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது பிரசங்கத்துக்கு முரசு தட்டுகிற சத்தம் மணல்மேட்டுக்கு அப்பால் லேசாகக் கேட்டது. போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பெண்பிள்ளை ஆலயத்தில் வாய் திறக்கக் கூடாது. திறந்தாலும் எந்த ஆண் எழுந்து வருவான். இரண்டு மணி நேரம் பிரசங்கம், அப்புறம் சூரியன் விழும்வரை ஓய்வுநாள். வீட்டில் கூழை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரை நினைத்தாள். பார்க்காமல் விட்ட அந்த ஒரு நாளை ஊர்க்கூட்டத்தில் யார் எப்படிச் சொல்லுவார்கள் என்று நினைத்தாள். அப்புறம் நினைக்கவில்லை. கொட்டகைக்குப் போய் மரத்தாழை நீக்கினாள்.

கயிறு சுருள் ஈரத்தில் கனத்தது. நாவெக் ஒரு முனையை வாங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். பிப்ரவரித் தண்ணீர், எலும்பைக் கடிக்கிற குளிர். வால் உடம்போடு சேர்கிற இடத்தில் கத்தியால் துளைபோட்டுக் கயிற்றை விட்டு வாங்கிக் கட்டினான். கட்டிக்கொண்டே கத்தினான்: "வால் எங்களோடது. எங்க பொருள நாங்க கட்டுறோம். அதோட ஒட்டிக்கிட்டு மிச்சமும் நின்னா அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

கரையில் எப்போதோ உடைந்த கப்பலின் நங்கூரம் பாதி புதைந்து கிடக்கும். அதுவரை கயிறு எட்டவில்லை. கெத்தூராள் இன்னொரு சுருளை இழுத்துவந்து, அறுந்த நூலை முடிகிற மாதிரியே முடிந்தாள். தறிக்காரர் வீட்டு முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். பெண்கள் இரண்டு பேரும் நங்கூரத்தில் நாலு சுற்றுச் சுற்றினார்கள். கடைசிச் சுற்றுப் போடும்போது திமிங்கிலம் மிதந்தது. கயிறு விறைத்து அதிலிருந்த தண்ணீர் பிழிந்து தெறித்தது. கெத்தூராளின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓர் அடி ஓடியது. அப்புறம் நின்றது. மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். திமிங்கிலம் வாலால் கட்டுண்டு, கட்டுத்தறியில் நிற்கிற மாடு மாதிரி இப்படியும் அப்படியும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஆலயத்துக்கு வந்தபோது பிரசங்கம் பாதி முடிந்திருந்தது. ஈரப் பாவாடையோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஹாரட்டின் மனைவி ரோதாள் மூக்கைச் சுளித்துக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

திங்கள் விடிந்ததும் நாவெக் வந்து சொன்னான். ஊரே ஓடியது. தண்ணீர் வடிந்து, திமிங்கிலம் ஈர மணலில் முழுசாகக் கிடந்தது. போதகர் வில்லட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஓய்வுநாளைக் காத்துக்கொண்ட ஊருக்குக் கர்த்தர் திங்கட்கிழமை ஆகாரம் அனுப்பினார் என்று ஜெபம் பண்ணினார். ஆமென் சொன்னவர்களில் கெத்தூராளும் உண்டு. ஹாரட் மட்டும் ஜெபத்தின்போது கண்ணைத் திறந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அலை திரும்புவதற்குள் அறுக்க வேண்டும், பேச நேரம் இல்லை.

கெத்தூராள் முதல்நாளே ஒபதியாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் அவள் கைகளைத் திருப்பிப் பார்த்துப் பன்றிக்கொழுப்புத் தடவித் துணி சுற்றிவிட்டார். கேட்டால் சொல்லுவோம், கேட்காவிட்டால் கர்த்தருக்குத் தெரியும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

அந்த மூன்று நாளும் ஊரில் எல்லாருக்கும் நல்ல நாள். ஆண்கள் நீளப் பிடி போட்ட வெட்டுக்கத்தியால் கொழுப்பைப் பாளம் பாளமாக அறுத்தார்கள். எருது பூட்டி இழுத்துவந்தார்கள். பெண்கள் அதைக் கைப்பிடி அளவு துண்டாக்கி அண்டாவில் போட்டார்கள். நாலு அண்டா, நாலு அடுப்பு. உருகி மேலே வருகிற சக்கையை அகப்பையால் அள்ளி அடுப்பிலேயே போட்டால் விறகு மிச்சம். கறுப்புப் புகை. நாற்றம் தலைமயிரிலும் ரொட்டியிலும் பைபிளிலும் ஏறியது. யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் மாவைப் பிசைந்து உருட்டிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டு எடுத்தார்கள். பொன்னிறமாக உப்பி வந்ததை ஊதி ஊதித் தின்றார்கள். போதகர் ஆறு தின்றார். காய்ச்சல் விட்ட நாளில் ஒபதியாவும் வந்து அண்டாவைக் கிளறினார். கூச்சப்பட்டுக்கொண்டே இரண்டு உருண்டை தின்றார், மூன்றாவதைக் கேட்டு வாங்கினார். காய்ச்சல் வந்த பிறகு அவர் கேட்டு வாங்கித் தின்றது அதுதான் முதல் தடவை. கெத்தூராள் அகப்பையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை காலை மோன்டாக் ஜனங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்பையும் வாலையும் எடுத்துப்போக வந்தார்கள். கிழவர்கள் இரண்டு பேர் நல்ல போர்வை போர்த்தி வந்திருந்தார்கள். ஹாரட் வாலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"கொட்டகை என் பொறுப்பு" என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஞாயித்துக்கிழம யாரோ தாழ நீக்கி ரெண்டு சுருள் கயிறு எடுத்திருக்காங்க. தம்பி, நீதான?"

நாவெக், "வால்ல கட்டுனது நான்தான்" என்றான்.

"கொட்டகையத் தொறந்தது?"

நாவெக் பேசவில்லை. கெத்தூராள் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை. வெயானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் ஊர்ச்சாமானைக் கேட்காமல் எடுத்ததற்கு ஊர்க்கூட்டம் தீர்ப்புச் சொல்லும்வரை துடுப்பும் வாலும் இங்கேயே இருக்கட்டும் என்றார் ஹாரட். கூட்டத்துக்கு இன்னும் ஐந்து நாள். அதற்குள் அழுகிப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும். போர்வை போர்த்திய கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  கயிறு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும் யாரும் பேசவில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கெத்தூராள் அகப்பையை அண்டாமேல் குறுக்கே வைத்தாள். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"தாழ நீக்குனது நான். கயிறு எடுத்ததும் நான்" என்றாள். "நங்கூரத்துல சுத்துனது நானும் வெயானாவும். அவங்க கொட்டகை வாசப்படி பக்கம்கூட வரல."

அவள் கையை நீட்டிக் காட்டினாள். கயிறு உரித்த இடம் சிவந்து பளபளத்தது. 

"ஓய்வுநாள்லயா?" என்றார் போதகர்.

"ஆமாங்க போதகரையா. ரெண்டாவது பிரசங்கத்துல."

ஒபதியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முந்தினநாள் நடுக்கத்தின் அசதி இன்னும் போகவில்லை, உதடு வெளுத்திருந்தது. அவள் பக்கத்தில் வந்து நின்றார். "நான்தான் போகச் சொன்னேன். சனிக்கிழம பாக்க வேண்டியது என் முறை, நான் பாக்கல. தப்பு எங்க வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சுது. கேட்டா சொல்லணும்னு இருந்தோம். கேக்காமலே சொல்லியிருக்கணும்" என்றார். அந்த ஒரு வருஷத்தில் அவர் ஊர் முன்னால் பேசின பேச்சில் அதுதான் நீளமானது.

ஹாரட் போதகரைப் பார்த்தார். இவர்களுக்கா மனை கொடுக்கப்போகிறோம் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

 போதகர் பீப்பாய்களைப் பார்த்தார். அந்தச் சமயம் இருபத்தாறு நிரம்பியிருந்தது. பிறகு, எழுதிக்கொடுத்த பேச்சு எழுதிக்கொடுத்த பேச்சுதான், வாலையும் துடுப்பையும் இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்றார். ஓய்வுநாளில் கண்டெடுத்த திமிங்கிலத்துக்குக் கண்டவருக்கு உரிய வெகுமதி கிடையாது என்பது ஊர்ச் சட்டம், அதனால் ஃபென் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. ஓய்வுநாளை மீறினதற்குக் கெத்தூராள் வருகிற ஞாயிறு சபை முன்னால் எழுந்து நின்று அறிக்கை செய்ய வேண்டும். மனை விஷயம் சபை விஷயம் அல்ல, ஊர் விஷயம், அதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

ஹாரட் வாலுக்கு முன்னாலிருந்து நகர்ந்தார். நகர்ந்ததோடு நிற்கவில்லை. வாலைத் தூக்க ஆள் குறைந்தபோது அவரே ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அவர் சுபாவம் அப்படி. தீர்ப்பு ஆகிவிட்டால் அப்புறம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டார். வெயானா போகும்போது கெத்தூராள் பக்கத்தில் நின்று, "ஞாயித்துக்கிழம உன்ன நிக்க வச்சு என்ன கேப்பாங்க?" என்றாள்.

"வருத்தப்படுறியான்னு கேப்பாங்க."

"படுறியா?"

"அதான் தெரியல" என்றாள் கெத்தூராள்.

ஞாயிறுவரை அது அவளை அரித்தது. பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வருத்தப்படவில்லை என்று சொன்னால் மனை போய்விடும். நூலைச் சிட்டமாகச் சுற்றும்போதும் குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் அதையே யோசித்தாள். பாடவில்லை. காய்ச்சல் விட்டு மறுபடி தறியில் உட்கார ஆரம்பித்திருந்த ஒபதியா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நீ எது சொன்னாலும் நான் எழுந்து நிற்பேன் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தது. போதகர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் நடுவில் வந்து நின்றாள். ஆண்கள் பக்கத்தில் ஒபதியாவும் எழுந்து நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"சகோதரி கெத்தூராள், ஓய்வுநாளில் வேலை செய்ததை ஒத்துக்கொள்ளுகிறாயா?"

"ஒத்துக்கறேன்."

"அதற்காக வருத்தப்படுகிறாயா?"

 ரோதாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமையா இருந்ததுக்கு வருத்தப்படுறேங்க" என்றாள் கெத்தூராள். "கர்த்தரோட நாள அவருக்குக் குடுக்காம எடுத்துக்கிட்டேன். அது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கயிற விட்டிருக்கலாமேன்னு நெனச்சுப் பாக்குறேன், அதுக்கு மட்டும் வருத்தம் வரமாட்டேங்குது. வராதத வந்துச்சுன்னு அவர் வீட்டுலயே நின்னு சொல்ல பயமா இருக்கு."

பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள். போதகர் புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். படித்த மனிதர், இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று யோசித்திருப்பார். கடைசியில், சபை கேட்டது என்றார். ஏற்றுக்கொண்டது என்றும் சொல்லவில்லை, தள்ளியது என்றும் சொல்லவில்லை. சங்கீதம் எடுத்தார். அவள் தன் இடத்துக்குத் திரும்பியபோது ரோதாள் இந்தத் தடவை நகர்ந்தது, இடம் விடுவதற்காக.

செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். பெண்களுக்கு அங்கே வேலை இல்லை. கெத்தூராள் பாவு நூலை முற்றத்தில் நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தாள். குளிர் விட்டிருந்தது. கூரையிலிருந்து கடைசிப் பனி சொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் தாண்டி ஒபதியா தெருவில் வந்தார். நடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வந்து நின்று, ஒரு கை கஞ்சியை எடுத்துப் பாவின் மறுகோடியில் தடவ ஆரம்பித்தார்.

"என்னங்க ஆச்சு?"

"மொதல்ல பன்னி விஷயம் பேசுனாங்க. கழுத்துல கட்டை போடாத பன்னி தோட்டத்துல நொழஞ்சா யாரு பொறுப்புன்னு. அதுல ரொம்ப நேரம் ஆயிருச்சு."

"சரி."

"அப்புறம் ஓடைப் பாலத்துப் பலகை. ரெண்டு பலகை மாத்தணுமாம்."

"ஏங்க."

"சொல்லிட்டுத்தான வர்றேன். அப்புறம் ஆலய முரசு யாரு தட்டுறதுன்னு. பழைய ஆளுக்குத் தோள்வலி. அப்புறம்தான் தறிக்காரன் விஷயம் வந்துச்சு. ஓட்டுப் போட ஒரு தொப்பிய எல்லார்கிட்டயும் சுத்தி விட்டாங்க. சரின்னா மக்காச்சோளம், வேணாம்னா அவரை விதை."

கெத்தூராள் தூரிகையைக் கஞ்சிப் பானையிலேயே விட்டுவிட்டாள்.

"சோளம் இருபத்தெட்டு" என்றார் ஒபதியா. "அவரை மூணு."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் பாவாடை மேல் கட்டியிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் கஞ்சிக் கையோடு அவள் தலையைத் தொடலாமா வேண்டாமா என்று பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள், அந்த மூன்று பேர் யார் என்று கேட்டாள். தெரியாது, தெரியாமல் இருப்பதே நல்லது, கிணற்றடியில் முகம் பார்த்துப் பேச வேண்டுமே என்றார்.

ஹாரட் என்ன சொன்னார் என்று கேட்டாள். மனையில் ஒரு துண்டை வெட்டி பின்னால் என்றைக்காவது வருகிற கொல்லனுக்கு என்று ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

"பக்கத்துலயே பட்டறை. நாள்பூரா சுத்தியல் சத்தம் கேக்கும்" என்றார் ஒபதியா கவலையாக.

"நம்ம தறிச் சத்தத்த அவனும் கேக்கணும்ல. சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாலு வீடு தள்ளி என் வீட்டில் கேட்டது.

வெளிச்சம் இருக்கும்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனையைப் பார்க்கப் போனார்கள். நான் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் வேலியோரம் நின்று பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லாத இடம். வெட்டின மரங்களின் அடிக்கட்டையும் சேறும். ஒபதியா நாலு குச்சி ஒடித்து, வடக்கு வெளிச்சம் விழுகிற பக்கம் பார்த்துக் கால் காலாக அளந்து தறி நிற்கிற இடத்துக்கு நாலு மூலையிலும் நட்டார். கெத்தூராள் சேற்றில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள். அந்த நாலு குச்சிக்கு நடுவில் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இங்க நின்னா கடல் சத்தம் கேக்குதுங்க. ரெண்டடி தள்ளிப் போனா கேக்கல" என்றாள்.

ஒபதியாவும் வந்து பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு குனிந்து நாலு குச்சியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"அப்ப இங்க அடுப்பு வச்சுக்க. தறியத் தள்ளிப் போட்டுக்கறேன்" என்றார்.